கவாத்து என்ற பெயரில் மரங்களை மொட்டையடித்தது குறித்த புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்,
பெசன்ட் நகர், சென்னை – 600090.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
மரப் பராமரிப்பு ஒப்பந்த நிறுவனம்,
சென்னை.

பொருள்: மழைக்கு முந்தைய கவாத்துப் பணி – தரக்குறைவு – சீர்செய்து தரக் கோருதல் – பாக்கித் தொகையை நிறுத்திவைத்தல் – தொடர்பாக.

ஐயா,

வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், எங்கள் வளாகத்து மரங்கள் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும்படி கவாத்து செய்து தரும் வேலையைத் தங்களிடம் ஒப்படைத்தோம். தங்கள் விலைப்புள்ளியில் மூன்று இனங்கள் இருந்தன: சர்வதேசத் தரத்தில் கிளை கழித்தல், ஆபத்தான மரங்களைக் கண்டறிதல், கழிவை அகற்றுதல். இவற்றில் ஒழுங்காக நடந்தது கழிவை அகற்றியது மட்டும்தான். மற்ற இரண்டும் நடந்த விதத்தால், வேலைக்கு முன்பு இருந்ததைவிட இப்போதுதான் இந்த மரங்களுக்குக் கீழே நிற்கப் பயப்பட வேண்டியிருக்கிறது.

முதலில் நுழைவாயில் தூங்குமூஞ்சி மரம். அதன் நான்கு முதன்மைக் கிளைகளையும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், பக்கக்கிளை எதுவும் இல்லாத நட்டநடுவில் அறுத்திருக்கிறார்கள். வெட்டுவாய்களின் குறுக்களவு 18 முதல் 24 செ.மீ. இதைக் கவாத்து என்று ஏற்க முடியாது. ஒரு கிளையின் நீளத்தைக் குறைக்க வேண்டுமென்றால், அதன் பருமனில் மூன்றில் ஒரு பங்காவது உள்ள பக்கக்கிளையைத் தேர்ந்து, அதற்குச் சற்று மேலே வெட்ட வேண்டும். இனி அந்தப் பக்கக்கிளைதான் நுனி. மீந்த பகுதிக்கு உணவு தயாரிப்பதும் அதுதான். அப்படி ஒன்று இல்லாத இடத்தில் வெட்டினால் கட்டை நுனியிலிருந்து காய்ந்துகொண்டே வரும். திறந்து கிடக்கும் சேகு, அதாவது நடுமரம், வழியாக மழை ஈரமும் பூஞ்சையும் உள்ளே இறங்கும்.

இதற்கிடையில் மரம், போன இலையை ஈடுகட்ட, பட்டைக்கு அடியில் உறங்கும் மொட்டுகளிலிருந்து நீர்ப்போத்துகளைக் கொத்துக்கொத்தாகத் தள்ளும். "மூன்றே மாதத்தில் பச்சைப் பசேல் என்று துளிர்த்துவிடும்" என்று தங்கள் மேற்பார்வையாளர் சொன்னது இதைத்தான். துளிர்ப்பது உண்மை. ஆனால் இயல்பாக வளர்ந்த கிளையின் அடிப்பகுதி, தாய்மரத்தோடு ஆண்டுக்காண்டு பின்னிப் பிணைந்து உருவானது. போத்துக்கு அந்தப் பிணைப்பு கிடையாது. கட்டையின் வெளிப்புறக் கடைசி ஆண்டு வளையத்தில் மட்டும், ஆணியில் மாட்டிய சட்டை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். சில ஆண்டுகளில் அது நீண்டு கனத்து நிற்கும்போது, அதைத் தாங்க வேண்டிய கட்டை உள்ளே உளுத்திருக்கும். அப்போது வரும் புயலில் முதலில் ஒடிவது அதுதான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் ஆயிரக்கணக்கான மரங்களை இழந்த நகரத்தில், புயலுக்குத் தயார் செய்வதாகச் சொல்லி இதைச் செய்திருக்கிறீர்கள்.

எவ்வளவு எடுத்தார்கள் என்பது அடுத்தது. தாங்கள் பெயர் சொல்லும் சர்வதேசத் தரங்களில் அமெரிக்காவின் ஏ300, ஒரு வளர்பருவத்தில் இலைப்பரப்பில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்று நெடுங்காலம் வலியுறுத்திவந்தது. வயதான மரத்துக்கு அதுவே அதிகம். இந்தத் தூங்குமூஞ்சியில் முக்கால் பங்கு போய்விட்டது. இதுவரை நிழலிலேயே இருந்த கிளைப்பட்டை இனி சித்திரை, வைகாசி வெயிலை நேராக வாங்கும், வெந்து வெடிக்கும்.

பின்புறத்து வேம்பில் குற்றம் வேறு மாதிரி. கிளை தண்டோடு சேரும் இடத்தில் சற்று உப்பிய வளையம் ஒன்று இருக்கும். கிளையின் கழுத்து என்று சொல்லலாம். அழுகல் தண்டுக்குள் பரவாமல் தடுக்கும் அரண் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்க வனத்துறையில் பணியாற்றிய அலெக்ஸ் ஷைகோ, ஆயிரக்கணக்கான மரங்களைப் பிளந்து பார்த்து விளக்கிய விஷயம் இது: மரம் காயத்தை ஆற்றுவதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறது. தங்கள் ஆட்கள் கழுத்தையும் சேர்த்துத் தண்டோடு தண்டாக வழித்து எடுத்ததால் அரண் போயிற்று, காயத்தின் பரப்பும் தேவைக்கு மேல் பெரிதாயிற்று. அதே மரத்தின் மறுபக்கத்தில் ஒரு முழ நீளத்துக்குக் கட்டை விட்டிருக்கிறார்கள். அதுவும் தவறு. கட்டை மட்கி விழும்வரை பட்டை மூடாது.

அந்த வேம்பில் ஒரு கிளை ஒடிந்தபோது, தண்டின் பட்டை 60 செ.மீ. நீளத்துக்கு உரிந்து வந்திருக்கிறது. கனமான கிளையை ஒரே அறுப்பில் மேலிருந்து இறக்கினால் இப்படித்தான் ஆகும். முறை எளிது. தண்டிலிருந்து சுமார் 30 செ.மீ. தள்ளி, கிளையின் அடிப்பக்கத்தில் கால் பங்கு ஆழத்துக்கு முதல் அறுப்பு. அதற்கு 3 முதல் 5 செ.மீ. வெளியே மேலிருந்து இரண்டாவது அறுப்பு; கிளை விழும்போது கிழிசல் கீழறுப்போடு நின்றுவிடும். பாரம் போன கட்டையைக் கையால் தாங்கிக்கொண்டு, கழுத்துக்குச் சற்று வெளியே கடைசி அறுப்பு. வீட்டுக்கோ வண்டிக்கோ மேலே இருக்கும் கிளையானால் முன்னதாகக் கயிறு கட்டி இறக்க வேண்டும். இதற்குக் கூடுதலாகச் செலவாவது கிளைக்குச் சில நிமிடங்கள்தான்.

வெட்டுவாய்களில் தார் பூசியிருப்பதையும் எங்களால் ஏற்க முடியாது. தார் அழுகலைத் தடுப்பதில்லை. அது வெடித்த பிறகு, அடியில் ஈரம் தங்கிப் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். சரியான இடத்தில் கூரான ரம்பத்தால் அறுத்த காயத்துக்கு எதுவும் பூச வேண்டியதில்லை. ஏறுவதற்காகத் தண்டு நெடுகிலும் அரிவாளால் கொத்திய படிகள் ஒவ்வொன்றும் தனிக் காயம். உயிர் மரத்தில் கயிறும் இடுப்புப் பட்டையும் போட்டுத்தான் ஏற வேண்டும்.

புங்கை மரங்களில் "காற்று புகுந்து போகட்டும்" என்று உட்கிளைகளை எல்லாம் கழித்து, நுனியில் மட்டும் இலைக்கொத்தை விட்டிருக்கிறார்கள். இதனால் பாரம் முழுவதும் கிளையின் கோடிக்குப் போய்விட்டது. ஆட்டத்தை உள்வாங்கித் தணிக்கும் சிறு கிளைகளும் இல்லை. காற்றில் வளைய வேண்டிய கிளை முறியும்.

எங்களுக்கு மிகவும் வருத்தம் தந்தது பெருங்கொன்றை. அதன் அடியில், வேர் தண்டோடு சேரும் இடத்தில், பழுப்பு நிறத் தட்டுக்காளான் விளிம்பு கட்டி நிற்கிறது. வடிகால் தோண்டியபோது அந்தப் பக்கத்து வேர்கள் வெட்டுப்பட்டிருக்கின்றன. சுத்தியலால் தட்டினால், உள்ளே பொந்து இருப்பதுபோல் டொப்பென்று கேட்கிறது. ஆபத்தான மரம் எது என்று தேடுபவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் அதுதான். தங்கள் ஆய்வறிக்கையில் அந்த மரத்துக்கு எதிரே "நன்று" என்றிருக்கிறது. நல்ல மரத்தை மொட்டையடித்துவிட்டு, நோயுள்ள மரத்தைத் தொடாமல் போயிருக்கிறீர்கள்.

ஆட்களின் பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். தலைக்கவசமும் கயிறும் இல்லாமல், ஒற்றைக் கையில் செயின்சாவைப் பிடித்தபடி ஒருவர் கிளை நுனியில் நின்றார். மின்கம்பிக்கு அருகே, மின்வாரியத்தில் இணைப்பைத் துண்டிக்கச் சொல்லாமலே வேலை நடந்தது. அப்படிப்பட்ட இடத்தில் பயிற்சி இல்லாதவர் 3 மீட்டருக்குள் நெருங்கவே கூடாது. கீழே தடுப்பும் இல்லை. மதிலுக்கு வெளியே உள்ள தெருவோர மரம் மாநகராட்சியுடையது. அதன் கிளைகளை எழுத்து அனுமதி இல்லாமல் வெட்டியது தங்கள் பொறுப்பு.

இனி செய்ய வேண்டியவை. பெருங்கொன்றையை முறையான பயிற்சி பெற்ற மரநிபுணர் ஒருவரைக் கொண்டு மழைக்கு முன்பே பரிசோதித்து, எழுத்தில் முடிவு தர வேண்டும். வேம்பில் விட்ட கட்டைகளைக் கழுத்துவரை சரியாக அறுக்க வேண்டும். உரிந்த பட்டையின் தளர்ந்த ஓரங்களை மட்டும் கூரான கத்தியால் நறுக்கிவிட வேண்டும், காயத்தை அகலமாக்கக் கூடாது. தூங்குமூஞ்சியில் இப்போதைக்கு ஒரு இலையையும் தொட வேண்டாம். போத்துகள் வரட்டும், அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு கட்டையிலும் உறுதியான இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு, மற்றவற்றைப் பகுதி பகுதியாக, குறைந்தது மூன்று ஆண்டுகளில் கழிக்க வேண்டும். அதன் செலவைத் தாங்களே ஏற்க வேண்டும். எல்லா மரங்களின் அடியிலும் 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குச் சருகு மூடாக்கு, தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளிப் போட்டுத்தர வேண்டும். தழைச்சத்து உரம் வேண்டாம். அது போத்துகளைத்தான் மேலும் நீளமாக்கும்.

இவை முடியும்வரை பாக்கித் தொகையை நிறுத்திவைக்கிறோம். 15 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வமான பதிலும் வேலைத் திட்டமும் வராவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் முறையிடுவோம். சீர்செய்ய வரும் குழுவில், கிளையின் கழுத்து எது என்று மரத்தில் தொட்டுக் காட்டத் தெரிந்த ஒருவராவது இருக்க வேண்டும். ரம்பத்தை எடுக்கும் முன் அவர் எங்கள் தோட்டக் குழுவைச் சந்திக்கட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்,
குடியிருப்போர் நலச் சங்கம்.

இணைப்பு: பணி ஆணை நகல், தங்கள் ஆய்வறிக்கை நகல், வெட்டுவாய்களின் அளவுகளுடன் கூடிய படங்கள்.