பிஜி (மருத்துவ மேற்படிப்பு) கவுன்சலிங்குக்குக் காத்திருப்பவர்கள் கவனத்துக்கு

தம்பி தங்கைகளே, நம்ம வேலூர் சர்ஜரி பிஜியைப் பற்றி 'வேலைதான் வாங்குவார்கள், கத்தியைக் கையில் தர மாட்டார்கள்' என்று ஒரு வாய்ஸ் மெசேஜ் சுற்றுகிறது, பேசியவர் யாரென்றே தெரியவில்லை. டியூட்டி கடினம்தான், மறைக்கவில்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்குக் குடியாத்தத்திலிருந்து குடல் ஓட்டையோடு வருபவருக்கு இரண்டாம் ஆண்டு பிஜிதான் வயிற்றைத் திறக்கிறார், எதிரே அசிஸ்டென்ட் புரொஃபசர் ரிட்ராக்டர் (வெட்டிய இடத்தை விரித்து வைக்கும் கருவி) பிடித்துக்கொண்டு நிற்கிறார். வாரத்தில் ஒருநாள் ஓய்வும் வருடத்துக்கு 20 நாள் லீவும் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 பிஜி விதியிலேயே இருக்கின்றன. அவசரம் என்றால் அந்த ஓய்வு தள்ளிப்போகும், அவ்வளவுதான். 3 மாத மாவட்ட மருத்துவமனைப் பணி எல்லாக் கல்லூரிக்கும் பொது, நம் தலையில் மட்டும் கட்டியதல்ல. சாய்ஸ் லாக் செய்யும் (கவுன்சலிங்கில் கல்லூரித் தேர்வை உறுதிசெய்யும்) முன் ஒருநாள் நேரில் வாருங்கள். சீனியர்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து (நான் உட்பட!) முதலாண்டு பிஜிக்களிடமே கேளுங்கள்.