ஓய்வு எடுத்தும் களைப்பு போகாதவனுக்கு

அன்புள்ள குமார்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தியை என் மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். "அந்தக் குட்டியா!" என்றாள், அவளுக்கு நம்பவே முடியவில்லை. உன் அம்மா கைத்தடி இல்லாமல் நடக்கிறார்கள் என்பதில் எனக்கும் நிம்மதி. இங்கே எல்லாரும் சௌக்கியம். என் கண்ணாடிக்குப் பவர் கூடியிருக்கிறது, பையன் என்னைவிட உயரமாகிவிட்டான். மற்றபடி சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை.

ஆனால் நல்ல செய்திகளுக்கு நடுவே போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தாயே, அதுதான் மனசில் நின்றுவிட்டது. பத்து நாள் லீவு போட்டாய், வேளா வேளைக்குத் தூங்கினாய். வேலைக்குத் திரும்பிய வாரமே தலை பாரம், யார் எதைக் கேட்டாலும் எரிச்சல். "வயசாகிவிட்டது போல" என்று முடித்திருந்தாய். வயசின் மேல் பழி போடாதே. பாவம், அதன் மேல் ஏற்கெனவே நிறையப் பேர் நிறையப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

லீவு அவ்வளவுதான் தாங்கும், குமார். விடுமுறையில் வருகிற தெம்பு வேலைக்குத் திரும்பிய சில வாரங்களுக்குள் கரைந்துபோவதை ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். வருஷம் முழுக்க அரைகுறையாகத் தூங்கிவிட்டு ஒரே வாரத்தில் தூங்கித் தீர்க்க முடியுமா? அதே கணக்குதான் இதுவும். எனவே வருஷத்துக்கு ஒருமுறை எடுக்கிற பெரிய ஓய்வை விட்டுவிடுவோம். தினமும் சாயந்திரம் வேலை முடிந்ததற்கும் படுக்கைக்குப் போவதற்கும் நடுவில் இருக்கிறதே, அந்த நேரத்தைப் பற்றித்தான் உன்னோடு பேச வேண்டும்.

சபீனே சொன்னன்டாக் என்று ஒரு ஜெர்மன் உளவியலாளர் இருக்கிறார். வேலை நேரம் முடிந்த பிறகு மனிதனுக்குத் தெம்பு எப்படித் திரும்புகிறது என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 2007-இல் அவரும் ஷார்லட் ஃப்ரிட்ஸும் சேர்ந்து அதை நான்காகப் பிரித்துக் காட்டினார்கள். வேலையிலிருந்து மனம் விலகுவது, தளர்ந்து இளைப்பாறுவது, வேலைக்குச் சம்பந்தமில்லாத ஒன்றைக் கற்றுத் தேறுவது, அந்த நேரத்தில் என்ன செய்யலாம் என்பதை நாமே தீர்மானிப்பது. நாமெல்லாம் ஓய்வு என்றால் இரண்டாவதை மட்டும்தான் நினைத்துக்கொள்கிறோம். சோபாவில் சாய்ந்தாயிற்றா, ஓய்வு எடுத்தாயிற்று. உன் பத்து நாளும் அப்படித்தான் போயிருக்கும் என்று எனக்குச் சந்தேகம். லீவில் இருந்தபோதே ஆபீஸ் மெயிலுக்குப் பதில் எழுதியதாக நீயே ஒரு இடத்தில் சொல்லியிருக்கிறாய், அதையும் ஏதோ பெருமை மாதிரி!

முதலாவது இல்லாவிட்டால் மற்ற மூன்றும் ஒட்டாது என்பது என் கட்சி. மனம் விலகவில்லையென்றால் எவ்வளவு நேரம் படுத்திருந்தாலும் நீ வேலையில்தான் இருக்கிறாய். நாளைய கூட்டத்தை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது இதயம் சும்மா இருப்பதில்லை, தோள்பட்டை இறுகித்தான் கிடக்கிறது. 2018-இல் சொன்னன்டாக் அம்மையார் வேடிக்கையான ஒன்றையும் எழுதினார். யாருக்கு இளைப்பாறுதல் மிகவும் தேவையோ, அவர்கள்தான் அதற்கான காரியங்களைக் குறைவாகச் செய்கிறார்களாம். வேலை நெருக்குகிற வாரத்தில் முதலில் கைவிடப்படுவது நடைப்பயிற்சி, அடுத்தது தூக்கம். உன் வீட்டில் எட்டிப் பார்த்துவிட்டு எழுதினாரோ என்று தோன்றியது.

சரி, விலகு என்றால் மனசு விலகிவிடுமா? விலகாது. அதற்கு ஏதாவது கொடுத்தாக வேண்டும். நான் கொடுப்பது ஒரு துண்டுக் காகிதம்.

வேலையை விட்டு எழுந்திருக்கும் முன் நாளை செய்ய வேண்டியதை அதில் எழுதிவிடுகிறேன். இதை உனக்கு யாராவது ஏற்கெனவே சொல்லியிருப்பார்கள், நீயும் தலையாட்டியிருப்பாய். ஆனால் எப்படி எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "தணிக்கை" என்று ஒற்றைச் சொல்லாக எழுதினால் அது ராத்திரி முழுக்க முழித்துக்கொண்டிருக்கும். "காலையில் வந்ததும் மார்ச் மாத வவுச்சர் ஃபைலை எடு. விடுபட்ட எண்களைத் தனியாகக் குறி. பிறகு தணிக்கைக்காரருக்குப் போன் செய்" என்று எழுதினால், அடங்கிவிடும். பாதியில் நிற்கிற வேலைகள் மனசைப் பிடுங்குவதைப் பற்றி 2011-இல் மாசிகாம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் செய்த பரிசோதனைகளில் தெரிந்ததும் இதுதான். வேலையை முடிக்கக்கூட வேண்டியதில்லை, எப்போது எப்படி முடிப்பது என்று தெளிவாகத் திட்டமிட்டாலே அந்தப் பிடுங்கல் குறைகிறது. 2018-இல் அமெரிக்காவில் ஒரு தூக்க ஆய்வுக்கூடத்தில் 57 இளைஞர்களை வைத்துப் பார்த்தார்கள். படுக்கும் முன் 5 நிமிடம், பாதிப் பேர் இனிச் செய்ய வேண்டியதை எழுத வேண்டும், மீதிப் பேர் செய்து முடித்ததை எழுத வேண்டும். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் முன்னதாகவே தூங்கிவிட்டார்கள். அவர்களிலும் எவ்வளவு விவரமாக எழுதினார்களோ அவ்வளவு சீக்கிரம் தூக்கம். சின்ன ஆய்வுதான், இதைப் பெரிய வேதமாக்க வேண்டாம். ஆனால் செலவு ஒரு காகிதம்தானே.

அடுத்து சைக்கிள். சிரிக்காதே. பையன் ஓட்டாமல் போட்டிருந்த பழைய சைக்கிளை நான் எடுத்துக்கொண்டேன். ஓட்டுவது குறைவு, கழற்றி மாட்டுவதுதான் அதிகம். செயின் துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பழைய டூத்பிரஷை மண்ணெண்ணெயில் தோய்த்து, கண்ணி கண்ணியாகத் தேய்க்க வேண்டும். கறுப்புக் குழம்பு வழியும், துணியால் துடைக்க வேண்டும், பெடலைக் கையால் அரைச் சுற்று தள்ளி அடுத்த நீளத்தைப் பிடிக்க வேண்டும். எங்கே ஒரு கண்ணி மடங்காமல் விறைத்து நிற்கிறதோ, அங்கே ஒரு சொட்டு எண்ணெய் விட்டுப் பக்கவாட்டில் மெல்ல ஆட்ட வேண்டும். திடீரென்று இளகிக்கொடுக்கும் பார், அந்த நொடிக்காகவே இன்னும் பத்துக் கண்ணி தேய்க்கலாம். கை முழுக்கக் கரி என்பதால் போனைத் தொட வழியே இல்லை. இந்த ஒரு சௌகரியத்துக்காகவே இதை யாருக்கும் சிபாரிசு செய்வேன்.

நாள் முழுக்கத் திரையில் எண்களைப் பார்க்கிறவன் சாயந்திரமும் திரையைப் பார்த்தால் கண்ணுக்கும் மூளைக்கும் அதே உழைப்புதான். நாள் முழுக்க ஆட்களோடு மல்லுக்கட்டுகிற உனக்கு இன்னொரு கும்பலோடு அரட்டை ஓய்வாகாது, எனக்கு ஆகலாம். நாள் முழுக்க நிற்கிறவர்களுக்குச் சோபா நிஜமாகவே அருமருந்து. எது களைத்திருக்கிறதோ அதற்கு ஓய்வு கொடு, மற்றதற்கு வேலை கொடு. நீ பள்ளியில் படம் வரைவாய், ஞாபகம் இருக்கிறதா? நோட்டின் கடைசிப் பக்கமெல்லாம் வாத்தியார்களின் மூக்குதான். அதைத் தூசி தட்டு. நன்றாக வரைய வேண்டும் என்று மட்டும் ஆரம்பிக்காதே, அப்புறம் அதுவும் ஒரு வேலையாகிவிடும்.

போனைப் பற்றி நீண்ட பிரசங்கம் வேண்டாம். படுக்கையறைக்கு வெளியே சார்ஜ் போடு, அவ்வளவுதான். சாயந்திரத்துக்குப் பிறகு காபியையும் விடு. குடித்ததில் பாதி கஃபீன் உடம்பைவிட்டு வெளியேறவே ஏறக்குறைய 5 மணி நேரம் ஆகும்.

இதெல்லாம் சாயந்திரத்துக்கு. பகலில், கூட்டத்தின் நடுவில் ரத்தம் கொதிக்கிறது என்றால் என்ன செய்வது? அங்கே சைக்கிள் செயின் கிடைக்காது, மூச்சு கிடைக்கும். உள்ளிழுக்கும்போது இதயம் சற்றே வேகமெடுக்கும், வெளிவிடும்போது நிதானமாகும். மூளையிலிருந்து இதயத்துக்கு இறங்குகிற வேகஸ் நரம்பின் வேலை இது. ஆகவே வெளிவிடுகிற மூச்சை நீட்ட வேண்டும். நான் செய்வது இப்படி: மூக்கு வழியாக ஒரு மூச்சு இழுத்து, விடாமல் அதன் மேலேயே இன்னொரு சின்ன இழுப்பு, பிறகு வாய் வழியாக மெதுவாக முழுவதையும் விடுவது. பெருமூச்சுதான், வேண்டுமென்றே விடுகிற பெருமூச்சு. 2023-இல் ஸ்டான்ஃபோர்டில் இதைத் தினம் 5 நிமிடம், ஒரு மாதம் செய்யச் சொல்லிப் பார்த்தார்கள். மூச்சைச் சும்மா கவனித்துக்கொண்டு உட்காருகிற தியானத்தைவிட இதில் மனநிலை அதிகமாகத் தேறியது. தியானம் எனக்கு ஒத்துவந்ததில்லை, கண்ணை மூடினால் கணக்குதான் வருகிறது. அதனால் இந்த முடிவு எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று என்பதையும் ஒளிக்கவில்லை.

உன் பழைய வைத்தியம் ஒன்று உண்டே, கத்தித் தீர்த்துக்கொள்வது. அதை விட்டுவிடு. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002-இல் வெளியிட்ட பரிசோதனையில், கோபமூட்டியவனை நினைத்துக்கொண்டு குத்துமூட்டையைக் குத்தியவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அதிகக் கோபத்தோடு இருந்தார்கள். கொட்டினால் காலியாகும் என்று நாம் நினைக்கிறோம், அது கொட்டக் கொட்ட ஊறுகிறது. யாரிடமாவது சொல்லி ஆறுவது வேறு. எங்கள் வீட்டில் பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே மனைவி கேட்டுவிடுவாள்: "நான் காது மட்டும் கொடுத்தால் போதுமா, யோசனையும் சொல்லணுமா?" பாதி நாள் காது மட்டும்தான். யோசனை வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல முடிவதில் இருக்கிற சுகம் உனக்குக் கிடைத்தால்தான் தெரியும்.

அந்த நான்காவது விஷயம், நேரம் நம் கையில் இருப்பது, உனக்கு இப்போது கஷ்டம் என்று தெரியும். அம்மாவுக்கு மருந்து, பிசியோதெரபி, மகளின் சேர்க்கை வேலைகள், எல்லாம் உன் தலையில். அதனால் ஒரு மணி நேரம் ஒதுக்கு என்றெல்லாம் எழுத மாட்டேன், எழுதினால் உனக்கு என் மேல்தான் எரிச்சல் வரும். இருபது நிமிடம் போதும். ஆனால் அது யாரும் கேள்வி கேட்காத இருபது நிமிடமாக இருக்க வேண்டும். தம்பியிடம் வாரத்தில் இரண்டு சாயந்திரமாவது அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல். அவன் தானாகக் கேட்கட்டும் என்று காத்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். அவனோ நீ சொல்லட்டும் என்று காத்திருப்பான். உங்கள் இரண்டு பேரையும் எனக்குத் தெரியாதா?

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்கிறேன். எரிச்சல் என்கிறாய், சரி. ஆனால் பிடித்த விஷயங்களிலும் பிடிப்பு இல்லாமல் போவது, சாப்பாடும் தூக்கமும் தாறுமாறாவது, எதற்கு இதெல்லாம் என்ற எண்ணம், இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், என் காகிதமும் சைக்கிளும் போதாது. டாக்டரைப் பார். தைராய்டும் ரத்தசோகையும்கூட இப்படி ஆளைக் களைப்பாக்கும், ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பார்த்துவிட்டு எனக்குச் சொல்.

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் போன் செய்கிறேன். உன் மேலதிகாரியைத் திட்டுவதற்கு முதல் கால் மணி நேரம், நானே கடிகாரம் பார்ப்பேன். அதற்குள் ஒரு மூக்காவது வரைந்து வை. மகளிடம் அவள் எடுத்த பாடம் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை என்று சொல், அவளே எழுதி விளக்கட்டும். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
ராகவன்