சாய்தளம் அமைத்துத் தந்த பெரியவரின் மறைவு: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். நம் பள்ளியில் எது பழுதானாலும் கருவிப்பெட்டியோடு வந்து நின்ற பெரியவர் சென்ற வாரம் காலமானார். நம் மாணவர்கள் இருவருக்கு அவர் சொந்தத் தாத்தா. மற்றப் பிள்ளைகளும் அவரைத் தாத்தா என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைப் போட வேண்டாம் என்று குடும்பத்தார் கேட்டுக்கொண்டதால் இங்கே எழுதவில்லை. யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்குத் தெரியும்.

அவர் இங்கே சம்பளத்துக்கு வேலை பார்த்தவரல்லர். மகள் படித்த காலத்தில் ஒரு தகப்பனாராக உள்ளே வந்தார். கை கழுவும் இடத்தில் குழாய் ஒழுகுவதைப் பார்த்தவர், மறுநாள் வாஷரும் ஸ்பேனருமாக வந்துவிட்டார். மாற்றுவதற்கு முன் பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தண்ணீர் சொட்டுகிறது என்று பிடித்து அளக்கச் சொன்னார். நொடிக்கு ஒரு சொட்டு என்றாலும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லிட்டர் வீணாகும். வகுப்பில் நாங்கள் எத்தனை முறை சொல்லியும் பதியாதது அன்று பதிந்தது.

சக்கர நாற்காலியில் வரும் ஒரு மாணவருக்காக அவர் அமைத்த சாய்தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வாசற்படி ஒன்றரை அடி உயரம். ஆறடிப் பலகை ஒன்றைச் சாய்த்து வைத்தால் போதும் என்று பலரும் சொன்னோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஓரடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டடி நீளம் வேண்டும், ஒன்றரை அடிக்குப் பதினெட்டடி; அதற்குக் குறைந்தால் பின்னாலிருந்து யாராவது தள்ளியாக வேண்டும் என்றார். "தள்ள ஆள் தேடுற மாதிரி ஆகிட்டா, பிள்ளை தானா வந்த மாதிரி ஆகுமா?" என்று கேட்டார். சக்கரம் வழுக்காமலிருக்க மேற்பரப்பைச் சொரசொரப்பாக விட்டார். ஓரம் தாண்டாமலிருக்க இருபுறமும் விளிம்பு கட்டினார். எல்லாம் முடிந்ததும் ஒரு நாற்காலியை வாங்கி, தானே உட்கார்ந்து, தன் கையாலேயே உருட்டி மேலே ஏறினார். நடுவில் ஓரிடத்தில் சக்கரம் லேசாகத் தட்டியது. இறங்கி, அந்த இடத்தை மட்டும் தேய்த்துச் சரிசெய்தார். பிறகுதான் மாணவரை அழைத்து வரச் சொன்னார்.

மனைவிக்கு உடம்பு முடியாமல் போன பிறகு, மாலையில் குறித்த நேரத்துக்கு மேல் அவர் இருந்ததே கிடையாது. அதற்குள் முடியாது என்று தெரிந்தால் மின்வேலை எதையும் தொடமாட்டார். பாதியில் விட்டுப்போன ஒயரை ஒரு குழந்தை தொட்டுவிடக் கூடாது. வீட்டில் மருந்து நேரமும் தவறக் கூடாது. படுக்கையிலிருந்து குளியலறை வரை சுவரில் கைப்பிடி பொருத்தியபோது, மனைவியை நிற்கவைத்து அவர் கை உயரத்துக்கே அளவெடுத்ததாக மகள் சொன்னார். ஊருக்கு உழைக்கிறேன் என்று வீட்டை மறந்தவரில்லை. அவர்மேல் எனக்கிருந்த மதிப்பில் பெரும்பகுதி இதனால்தான்.

பேத்தி டார்ச் பிடிக்க, பேரன் திருப்புளி எடுத்துக்கொடுக்க, ஆடிப்போன பெஞ்சுகளைச் சரிசெய்வார். ஆணி அடித்து ஒப்பேற்றுவது அவருக்குப் பிடிக்காது. மூட்டைக் கழற்றி, பழைய பசையைச் சுரண்டிவிட்டுத்தான் புதுப் பசை பூசுவார். அது காயும்வரை யாரும் உட்காரக் கூடாது என்று காவலுக்கு இரண்டு பேரை நியமிப்பார். பிள்ளைகளுக்கு அந்தக் காவல் வேலையில் அப்படியொரு பெருமை.

வீட்டில் பிள்ளைகள் கேட்டால், தாத்தா இறந்துவிட்டார் என்று நேராகவே சொல்லுங்கள். தூங்குகிறார், வெளியூர் போயிருக்கிறார் என்று சொன்னால் சின்னக் குழந்தைகள் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்கள். சிலருக்குத் தூங்கவே பயம் வரும். அழுதால் அழட்டும், தடுக்க வேண்டாம். கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இருவரும் அடுத்த வாரம் பள்ளிக்கு வருவார்கள். அவர்களாகப் பேசினால் கேட்கட்டும், துருவிக் கேட்க வேண்டாம் என்று வகுப்புத் தோழர்களுக்கு நீங்களும் சொல்லிவையுங்கள்.

வரும் வெள்ளிக்கிழமை காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அவரை நினைவுகூர்கிறோம். பிள்ளைகள் அவரைப் பற்றி எழுதியோ வரைந்தோ கொண்டுவந்தால், தொகுத்துக் குடும்பத்தாரிடம் கொடுப்போம். பணம் எதுவும் வசூலிக்கவில்லை.

அவருடைய கருவிப்பெட்டியைக் குடும்பத்தார் பள்ளிக்கே கொடுத்திருக்கிறார்கள். வாரம் ஒரு மணி நேரம், பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் மேற்பார்வையில் பழுதுபார்க்கச் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். மரவேலையோ குழாய் வேலையோ தையலோ, கையில் ஒரு தொழில் தெரிந்த பெற்றோர், தாத்தா பாட்டி யாராக இருந்தாலும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். நூலகத்தில் கால் ஆடும் பெஞ்சுகள் இரண்டு இருக்கின்றன, அவற்றிலிருந்து தொடங்கலாம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்