கண்ணுக்குள் ஒட்டடை

அன்புள்ள சீனு,

மூன்று மாதமாகக் கடிதம் இல்லை என்று திட்டிக்கொண்டிருப்பாய். காரணத்தைக் கேட்டுவிட்டுத் திட்டு. வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் இடது கண்ணைத் தவிர.

மாசியில் ஒருநாள் பேப்பர் படிக்கும்போது கறுப்பாக ஒரு நூல் தொங்கியது. கண்ணாடியைத் துடைத்தேன், போகவில்லை. ஒட்டடை என்று உன் தங்கச்சியை விளக்குமாறு கொண்டுவரச் சொன்னேன். அவள் கூரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். சாயங்காலத்துக்குள் தண்ணீரில் மசி சிந்தியதுபோல் கண் முழுக்கப் பரவிவிட்டது.

டாக்டர் படம் எடுத்துக் காட்டினார். கண்ணின் பின்பக்கத் திரையான ரெட்டினாவில் சல்லிவேர் மாதிரி புதுசாக ரத்தக் குழாய்கள். இருபது வருஷச் சர்க்கரை நுண்குழாய்களை அடைத்துவிட்டதாம். ஆக்சிஜன் கிடைக்காத ரெட்டினா வி.இ.ஜி.எஃப். என்றொரு புரதத்தைச் சுரந்து 'குழாய் போடு' என்று கூப்பாடு போடுகிறது. உடம்பும் போடுகிறது. ஆனால் நம் தெரு பைப் லைன் மாதிரி, போட்ட அன்றே ஒழுகல்! ஒழுகிய ரத்தம்தான் நான் பார்த்த ஒட்டடை. இந்தப் புரதத்தை 1983இல் டுவோராக் என்ற விஞ்ஞானியின் குழுவினர் கண்டபோது, குழாயைக் கசியவைக்கும் பொருள் என்றுதான் சொன்னார்களாம். 1989இல் ஃபெராரா என்ற இன்னொரு விஞ்ஞானி பிரித்தெடுத்தது குழாயை வளர்க்கும் பொருள். கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. வளர்ப்பதும் அதுதான், ஒழுகவிடுவதும் அதுதான்.

அதை அடக்கக் கண்ணுக்குள் அவாஸ்டின் ஊசி. மகள் அந்தப் பெயரை இணையத்தில் தேடிவிட்டு ஓவென்று அழுதாள். அது 2004இல் குடல் புற்றுநோய்க்கு வந்த மருந்து. கட்டியும் இப்படித்தான் குழாய் இழுத்து ரத்தம் குடிக்கிறது என்று ஃபோக்மன் என்ற டாக்டர் 1971லேயே எழுதிவிட்டார் என்று அவளுக்கு விளக்குவதற்குள் எனக்குச் சர்க்கரை ஏறிவிட்டது.

ஊசி வலிக்கவில்லை. மரத்துப்போகச் சொட்டு விட்டு, கருவிழி ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளிக் குத்தினார். மருந்து ஒரே ஒரு சொட்டு. அன்று முழுக்கக் கண்ணுக்குள் ஒரு கறுப்புக் குமிழி, மிளகு மாதிரி உருண்டுகொண்டிருந்தது.

சீனு, நூல் தொங்கும்வரை எனக்குப் பார்வை பழுதில்லாமல் இருந்தது. அதை நம்பித்தான் ஐந்து வருஷம் கண்ணைக் காட்டாமல் இருந்தேன். உனக்கும் சர்க்கரை வந்து பதினைந்து வருஷமாச்சே. சொட்டு விட்டுக் கண் பாப்பாவை விரித்து உள்ளே பார்த்தார்களா, இல்லை போர்டைப் படிக்கச் சொல்லிக் கண்ணாடி எழுதிக் கொடுத்தார்களா? மழுப்பாமல் பதில் போடு. அதிரசக் கதையெல்லாம் வேண்டாம்.

அடுத்த ஊசி வியாழக்கிழமை. அப்புறம் லேசராம். வரிகள் கோணலாகப் போயிருந்தால் பொறுத்துக்கொள். ஆனால் கையெழுத்து எப்போதும் இப்படித்தானே என்பாய்.

அன்புடன்,
ராமு