செட்டில்மென்ட் கடிதத்தில் அந்த ஒரு வரியைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள்

இந்திய ரிசர்வ் வங்கியின் ஆளுநர் அவர்களுக்கு,

வணக்கம். ஒருவர் வாங்கிய கடன்களையும் அவற்றை அடைத்த விதத்தையும் காட்டும் கடன் அறிக்கையை ஆண்டுக்கு ஒரு முறை இலவசமாகத் தர வேண்டும், தவறு குறித்த புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்றெல்லாம் நீங்கள் ஆணையிட்டதற்கு நன்றி. என் அக்காவின் அறிக்கையில் தவறே இல்லை. அதனால்தான் இந்த மடல்.

அத்தான் படுத்த படுக்கையானபோது அக்காவின் தனிநபர் கடனுக்குத் தவணை கட்ட முடியவில்லை. வசூலுக்கு வந்தவர், "பாதியைக் கட்டுங்கள் அக்கா, கணக்கை முடித்துவிடலாம்" என்றார். வளையலை விற்றுக் கட்டினாள். ஆங்கிலத்தில் இருந்த செட்டில்மென்ட் கடிதத்தில், அதாவது ஒரு பகுதியை மட்டும் வாங்கிக்கொண்டு கணக்கை முடிக்கும் கடிதத்தில், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கடன் தீர்ந்தது என்றே இத்தனை காலமும் நம்பியிருந்தாள்.

இந்த மாதம் வீட்டுக் கடன் கேட்டபோது மறுத்துவிட்டார்கள். கடன் அறிக்கையில் பழைய கணக்குக்கு நேரே 'செட்டில்டு' என்று இருக்கிறதாம். முழுவதும் அடைத்திருந்தால் 'குளோஸ்டு' என்று வந்திருக்கும். இவளுக்கோ மீதியைத் தள்ளுபடி செய்ததாகப் பதிவு. அதைப் பார்த்ததும் புதிதாகக் கடன் கொடுப்பவர் கையை விரிக்கிறார். மீதியைக் கட்டி, நிலுவையில்லைச் சான்று வாங்கி, பதிவை மாற்றக் கேட்கலாம் என்பதைக்கூட நாங்களாகத்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டோம். அன்றே தெரிந்திருந்தால் இன்னொரு வளையலையும் விற்றிருப்பேன் என்று அழுகிறாள்.

செட்டில்மென்டுக்குக் கையெழுத்து வாங்கும் முன், "இது உங்கள் கடன் அறிக்கையில் 'செட்டில்டு' என்று பதிவாகும்; இனி கடன் கிடைப்பது கடினமாகலாம்" என்று தமிழில் எழுதிக் கொடுக்க வேண்டும். நாங்கள் கேட்பது இவ்வளவுதான்.

கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தகவல் தர வேண்டும் என்று நிதி நிறுவனங்களுக்கான உங்கள் நியாய நடைமுறை விதிகளே சொல்கின்றன. கடன் வேண்டுமா என்று தொலைபேசியில் தமிழில் கேட்கிறார்கள். தவணை தவறினால் வாசலில் நின்று தமிழில் அதட்டுகிறார்கள். கையெழுத்துப் போடும் தாளுக்கு மட்டும் தமிழ் ஏன் வருவதில்லை? கடன் அறிக்கையோடு வரும் 300 முதல் 900 வரையிலான ஓர் எண்ணை, கடன் மதிப்பெண்ணை, வைத்து ஒரு குடும்பத்தின் நாணயத்தை அளக்கிறார்கள். அது எதனால் ஏறும், எதனால் இறங்கும் என்று கடன் கொடுக்கிற அன்றே சொல்லாதது அநியாயம்.

கோபத்தில் ஏதேனும் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருளுங்கள். அந்த எச்சரிக்கை வரி இல்லாத செட்டில்மென்ட் கடிதம் செல்லாது என்று எல்லா வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
கடன் வாங்கிய ஒருவரின் தங்கை