சமையல் குறிப்புகளில் ‘கொத்து’ என்னும் சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் சமையல் பகுதியில் ‘வெங்காயத்தைக் கொத்தவும்’, ‘பூண்டைக் கொத்திச் சேர்க்கவும்’ என்பன போன்ற தொடர்கள் அண்மைக் காலமாக அடிக்கடி வருகின்றன. பொடியாக நறுக்க வேண்டும் என்பதே எழுதியவரின் கருத்து என்பது புரிகிறது. ஆயினும், நறுக்குதல் வர வேண்டிய இடங்களிலெல்லாம் கொத்துதலை இட்டு நிரப்புவது பொருந்தாது என்பதைத் தெரிவிக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கொத்துதல் என்ற வினையில் துண்டின் அளவைவிட அடி விழும் விதமே முதன்மையானது. கோழி தானியத்தைக் கொத்துகிறது. செடியைச் சுற்றி இறுகிப்போன மண்ணைக் கொத்திவிடுகிறோம். தேய்ந்து வழுவழுப்பாகிவிட்ட அம்மியை உளியால் கொத்தி மீண்டும் சொரசொரப்பாக்குகிறார்கள். இவற்றில் எதுவும் பொடியாக நறுக்கப்படுவதில்லை. கூரிய முனையோ விளிம்போ மேலிருந்து சடசடவென்று விழுகிறது, அவ்வளவுதான். பாம்பு ஒரே முறை தீண்டினாலும் கொத்தியது என்கிறோமே என்று கேட்கலாம். அங்கே தலை பாய்ந்து விழும் விரைவு அச்சொல்லுக்குப் போதுமானதாகிவிடுகிறது. கொக்கு மீனைப் பிடிக்கும் அடியை 490ஆம் குறள் ‘குத்து’ என்கிறது. ஒலியிலும் பொருளிலும் இவ்விரு சொற்களும் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பதை அங்கே காணலாம்.

அடுக்களைக்குள் வரும்போதும் இந்தப் பொருள் மாறுவதில்லை. கறிக்கடையில் மரக்கட்டையின் மேல் இறைச்சியை வைத்துக் கத்தியால் ஓயாமல் அடித்துத் துணுக்குகளாக்குவதால்தான் அது கொத்துக்கறி. சூடான கல்லின் மேல் தகடுகள் தாளம் தட்ட, பரோட்டா சிதறி முட்டையோடும் மசாலாவோடும் கலப்பதால் அது கொத்துப் பரோட்டா. காய்கறிக்கு இச்சொல் பெரும்பாலும் வராததற்கு அரிவாள்மனையும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. அரிவாள்மனையில் வெட்டும் விளிம்பு அசையாமல் நிற்க, காய்தான் அதை நோக்கி நகர்கிறது. அங்கே அரியலாம், நறுக்கலாம். கொத்துவதற்கு வழியே இல்லை. வெட்டுப்பலகையும் கத்தியும் வந்த பிறகும், விரலால் பிடித்து ஒவ்வொரு வெட்டாக இறக்கும் வரை அது நறுக்குதலே. கத்தியைக் கைவேகத்தில் குவியலின் மேல் மீண்டும் மீண்டும் இறக்கினால் அன்றி அதைக் கொத்துதல் என்று சொல்ல முடியாது. அப்படிச் செய்தால் வெங்காயம் நீர் விட்டு நசுங்கிவிடும் என்பதைச் சமைப்பவர் அறிவர்.

இன்னொரு குழப்பம் பெயர்ச்சொல்லால் வருகிறது. பூங்கொத்து, சாவிக்கொத்து என்னும்போது கொத்து என்பது ஒரு காம்பிலோ வளையத்திலோ சேர்ந்திருப்பதைக் குறிக்கிறது. ‘கறிவேப்பிலை ஒரு கொத்து’ என்றால் ஓர் ஈர்க்கு என்று தமிழ்நாட்டில் கொள்வோம். யாழ்ப்பாணத்திலோ கொத்து என்பது அரிசி அளக்கும் ஓர் அளவும் ஆகும். சிதைப்பதையும் சேர்ந்திருப்பதையும் ஒரே ஒலி சுமப்பது மொழியின் இயல்பு. அதில் குறை காண ஒன்றுமில்லை. ஆனால், ‘மல்லி ஒரு கொத்து, கொத்தியது’ என்று சென்ற வாரக் குறிப்பில் கண்டபோது, புதிதாகச் சமைக்கத் தொடங்குபவர் என்ன செய்வார் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

எனவே, காய்கறிக்கு ‘பொடியாக நறுக்கவும்’ என்ற பழகிய தொடரையே பயன்படுத்துமாறும், இறைச்சிக்குக் ‘கொத்தியது’, ‘எந்திரத்தில் அரைத்தது’ என்பவற்றைப் பிரித்துக் காட்டுமாறும் கேட்டுக்கொள்கிறேன். பின்னதை வெறும் ‘கைமா’ என்று எழுதுவதால் இவ்வேறுபாடு மறைந்துவிடுகிறது. கத்தியால் கொத்திய கறியில் துணுக்குகள் ஒரே அளவாக இராமல், வாயில் மெல்லக் கிடைக்கும். எந்திரத்தில் அரைத்தது கோலா உருண்டைக்கு இசைவாகப் பிடிபடும். எது வேண்டும் என்பதைக் குறிப்பின் பொருள் பட்டியலிலேயே சொல்லிவிட்டால், படிப்பவர் கடைக்குப் போகும்போதே சரியாகக் கேட்டு வாங்கிவிடுவார்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகர்