உங்கள் பெயரில் எழுதுகிறவர்களின் மடல்

போதனா மருத்துவமனைகளின் டீன்களுக்கும் இயக்குநர்களுக்கும் மருத்துவக் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் கையெழுத்தோடு வெளிவரும் சுற்றறிக்கை, பணியாளர் மடல், பட்டமளிப்பு உரை, இரங்கல் குறிப்பு, பத்திரிகைச் செய்தி எல்லாவற்றுக்கும் முதல் வரைவு போடுகிறவர்கள் நாங்கள். எங்களைக் கூப்பிடும் நேரத்தை மாற்றுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். கூட்டம் முடிந்து, முடிவெடுத்து, கோப்பையும் மூடிவிட்டு, மாலை ஐந்து மணிக்கு "இதைக் கொஞ்சம் நல்லபடியாக எழுதிக் கொடுங்கள்" என்று சொல்லி அனுப்புகிறீர்கள். கெட வேண்டியதில் பாதி அதற்குள் கெட்டிருக்கும். எங்கள் நடை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை மீட்க முடியாது.

போதனா மருத்துவமனை என்பது ஒரே வளாகத்துக்குள் மூன்று நிறுவனங்கள். கல்லூரிக்கு ஒரு தலைவர், மருத்துவமனைக்கு ஒருவர், ஆராய்ச்சிக்கு இன்னொருவர். ஆனால் பேராசிரியர் ஒருவரே காலையில் வார்டு ரவுண்ட்ஸ் போவார், பதினொரு மணிக்கு வகுப்பெடுப்பார், பிற்பகலில் ஆய்வகத்தில் இருப்பார். வெளிநோயாளர் பிரிவின் நேரம் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மருத்துவமனை மடல் "வரும் திங்கள் முதல்" என்கிறது. கல்லூரி மடல் "அடுத்த பருவத்திலிருந்து" என்கிறது. ஆராய்ச்சி அலுவலகத்திலிருந்து சத்தமே இல்லை. அவர் மூன்றையும் ஓரங்கட்டிவிட்டுத் துறைத் தலைவருக்குப் போன் போடுவார். துறைத் தலைவருக்கும் அப்போதுதான் விஷயம் தெரியவரும்.

இதைத் தடுக்க ஒரே ஒரு பக்கம் போதும். என்ன மாறுகிறது, எந்தத் தேதியிலிருந்து, யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது, சந்தேகம் வந்தால் யாரை எந்த எண்ணில் கேட்பது: இவ்வளவும் அடங்கிய மூலக்குறிப்பை முடிவெடுக்கும் கூட்டத்திலேயே எழுதி, எல்லோர் முன்னாலும் படித்துக் காட்ட வேண்டும். மூன்று அலுவலகங்களின் மடல்களும் அதிலிருந்தே பிறக்கட்டும். தேதி மாறினால் மூலக்குறிப்பில் மட்டும் திருத்துங்கள். "யாருக்குப் பொருந்தாது" என்ற வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். மறுநாள் வரும் போன்களில் பெரும்பகுதி அந்த வரியைத் தேடித்தான் வரும்.

செய்தி யாருக்கு முதலில் போக வேண்டும் என்பதும் அந்தக் கூட்டத்திலேயே முடிவாக வேண்டும். பாதிக்கப்பட்ட நோயாளியின் குடும்பம், அந்தப் பிரிவில் பணியில் இருப்பவர்கள், துறைத் தலைவர்கள், மற்ற பணியாளர்கள், கடைசியாகச் செய்தியாளர்கள்: இந்த வரிசை மாறக் கூடாது. துறைத் தலைவர்களுக்கு அரை மணி நேரமாவது முன்னதாகச் சொல்லுங்கள், ஏனென்றால் கேள்வியோடு எல்லோரும் போய் நிற்பது அவர்கள் அறை வாசலில்தான்.

மின்னஞ்சல் அனுப்பியதாலேயே செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். இரவுப் பணி செவிலியர் ஷிஃப்ட் நடுவே அதைத் திறக்கப்போவதில்லை. துப்புரவுப் பணியாளர்களுக்கும் வார்டு உதவியாளர்களுக்கும் அலுவலக முகவரியே இல்லாத இடங்கள் உண்டு. முதுகலை மாணவர்கள் பிரிவு விட்டுப் பிரிவு மாறிக்கொண்டே இருப்பதால் துறைவாரி முகவரிப் பட்டியல் சீக்கிரமே பழசாகிவிடும். அதனால் ஒவ்வொரு முக்கிய மடலுக்கும் அறுபது சொற்களுக்குள் ஒரு சுருக்கம் தயார் செய்து, ஷிஃப்ட் மாறும்போது பொறுப்புச் செவிலியர் வாய்விட்டுப் படிக்க ஏற்பாடு செய்யுங்கள். தொடர்ந்து மூன்று ஷிஃப்டுகளில் படித்தால்தான் எல்லோர் காதிலும் விழும்.

எங்களை அதிகம் வாட்டுவது ஒப்புதல் சங்கிலி. ஓர் உதாரணத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். முதல் வரைவு இது:

"நேற்றிரவு 9.40-க்கு மருந்தகக் குளிர்பெட்டி நின்றுவிட்டது. உள்ளே வெப்பம் 8 டிகிரியைத் தாண்டியிருக்கிறது. அதிலிருந்து வந்த தடுப்பூசிகளை யாருக்கும் போடாதீர்கள். வீசியும் விடாதீர்கள். 'பயன்படுத்தாதே' என்று ஒட்டி, வேறு குளிர்பெட்டியில் தனியே வையுங்கள். மாற்று இருப்பு மத்திய மருந்தகத்தில் இருக்கிறது."

குளிர்பெட்டியில் வைக்கும் தடுப்பூசிகளை 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கு இது போதும். இனி இது ஏழு மேசைகளுக்குப் போகிறது. சட்டப் பிரிவு "நின்றுவிட்டது" என்பதை "செயல்பாட்டில் இடையூறு ஏற்பட்டதாக அறியப்படுகிறது" என்று மாற்றுகிறது. பராமரிப்புப் பிரிவு நேரத்தை எடுத்துவிடுகிறது. தரப் பிரிவு "உயர்தரச் சேவையில் நமது அர்ப்பணிப்பு" என்று தொடக்கத்தில் ஒரு பத்தி சேர்க்கிறது. "போடாதீர்கள்" என்பது நான்காம் பத்திக்கு இறங்கி, "உரிய கவனத்துடன் கையாளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்" என்றாகிறது. ஏழு பேரும் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ஆனால் தடுப்பூசி அறையில் நின்றபடி முதல் இரண்டு வரியை மட்டும் படிக்கிற செவிலியர் ஊசியைப் போட்டுவிடுவார்.

எழுத ஒருவர், தகவல் சரிபார்க்க ஒருவர், சட்டம் பார்க்க ஒருவர், கையெழுத்துக்கு நீங்கள்: ஆக நான்கு பேர் போதும். மற்றவர்களுக்கு நகல் போகட்டும், பேனா போக வேண்டாம். திருத்தம் சொல்பவர் "எது பிழை, சரியானது எது" என்ற இரண்டை மட்டும் எழுதித் தரட்டும். நடை பிடிக்கவில்லை என்பதெல்லாம் திருத்தக் கணக்கில் வராது. அவசர மடலுக்கு முப்பது நிமிடம், வழக்கமானதற்கு ஒரு வேலை நாள் என்று கெடு வையுங்கள். நகல் பெற்றவர்கள் கெடுவுக்குள் வாய் திறக்காவிட்டால் மடல் புறப்பட்டுவிடும். சரிபார்ப்பவரும் சட்டம் பார்ப்பவரும் மட்டும் "சரி" என்று எழுதியே ஆக வேண்டும். அவர்கள் விடுப்பில் போனால் பதில் ஆள் யார் என்பது முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். சங்கிலி அறுவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

சிகிச்சையில் தவறு நேர்ந்தால் முதலில் போக வேண்டியது மடல் அல்ல. சிகிச்சையளித்த மூத்த மருத்துவர் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச வேண்டும். அங்கே சொன்னதை உறுதிப்படுத்தப் பின்னால் போவதே மடல். "நடந்தமைக்கு வருந்துகிறோம்" என்றால் மழை பெய்ததற்கு வருந்துவது போலக் கேட்கிறது. தவறு நம்முடையது என்று விசாரணையில் தெளிவான பிறகு "மன்னிப்புக் கேட்கிறோம்" என்றே எழுதுங்கள். அதற்கு முன் அப்படி எழுதச் சொல்லி நாங்களும் கேட்கமாட்டோம். மன்னிப்புக் கேட்டால் வழக்குகள் குவியும் என்று சட்டப் பிரிவு பயப்படுவது இயல்பு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக மருத்துவ மையம் 2001-இல் தவறுகளைத் தானே முன்வந்து சொல்லி, இழப்பீடு வழங்கும் முறைக்கு மாறத் தொடங்கியது. 2010-இல் வெளியான ஆய்வின்படி, ஒரு லட்சம் நோயாளி வருகைகளுக்கு மாதச் சராசரியாக 7.03 ஆக இருந்த புதிய இழப்பீட்டுக் கோரிக்கைகள் 4.52 ஆகக் குறைந்தன. ஒரே நிறுவனத்தின் முன்–பின் ஒப்பீடு என்பதால் அந்த முறை மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் வழக்குகள் குவியவில்லை என்பது நிச்சயம்.

பெயரை எடுத்துவிட்டால் நோயாளியின் அடையாளம் மறைந்துவிடும் என்பது தவறான நம்பிக்கை. அமெரிக்காவில் நோயாளிகளின் தகவலைக் காக்கும் ஹிப்பா சட்டத்தின் கீழுள்ள தனியுரிமை விதி, அடையாளத்தை மறைக்கும் ஒரு வழியாக 18 வகை அடையாளங்களை நீக்கச் சொல்கிறது. ஆண்டைத் தவிர்த்த தேதிகளும், 89-க்கு மேற்பட்ட வயதும் அதில் சேரும். அரிய நோய், வார்டு எண், சேர்ந்த தேதி மூன்றும் ஒரே வாக்கியத்தில் இருந்தால் பக்கத்துக் கட்டில்காரருக்கே ஆள் தெரிந்துவிடும். நன்கொடையாளருக்குப் போகும் "வெற்றிக் கதை" மடல்களில்தான் இது நழுவுகிறது, எனவே அங்கே நோயாளியின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் எதையும் அனுப்பாதீர்கள்.

ஆராய்ச்சிச் செய்தி பற்றி ஒன்றே ஒன்று. ஆயிரத்தில் இருவருக்கு வந்த நோய் ஒருவருக்கு வருவதாகக் குறைந்தால் அது "50 சதவீதக் குறைவு"தான், பொய்யில்லை. ஆனாலும் ஆயிரத்தில் இரண்டு ஒன்றானது என்பதையும் சேர்த்தே எழுதுவோம், அதை வெட்டாதீர்கள்.

கணினி முடங்கும் நாளுக்கு இன்றே தயாராகுங்கள். 2017 மே 12 அன்று கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீநிரல் தாக்கியபோது இங்கிலாந்தின் தேசிய சுகாதாரச் சேவையில் பல மருத்துவமனைகள் மின்னஞ்சல் இல்லாமல் கைபேசியையும் வாட்ஸ்அப்பையும் நம்பி ஓட்டின. துறைத் தலைவர்கள், பொறுப்புச் செவிலியர்கள், மருந்தகம், ரத்த வங்கி ஆகியோரின் கைபேசி எண்களைக் காகிதத்தில் அச்சிட்டுக் கட்டுப்பாட்டு அறையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதில் பத்து எண்களையாவது அழைத்துப் பாருங்கள். முதல் அறிக்கை ஒரு மணி நேரத்துக்குள் போகட்டும்: தெரிந்தது இது, செய்துகொண்டிருப்பது இது, அடுத்த தகவல் 4 மணிக்கு. 4 மணிக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், இல்லை என்று 4 மணிக்கே சொல்ல வேண்டும்.

இரங்கல் மடலில் பழைய மடலைத் திறந்து பெயரை மட்டும் மாற்றுகிற பழக்கத்தை நாங்கள் நிறுத்திக்கொள்கிறோம், ஏனென்றால் எங்காவது ஒரு வரியில் முந்தையவரின் பெயர் தங்கிவிடும். நீங்கள் செய்ய வேண்டியது, மரணத்தைப் பதிவு செய்த அன்றே இறந்தவரின் பெயரைத் தானியங்கி வாழ்த்துப் பட்டியலிலிருந்து எடுக்கும்படி மனிதவளப் பிரிவுக்கு ஆணையிடுவது. உங்கள் கையெழுத்தோடு போகும் பிறந்தநாள் வாழ்த்து, போனவரின் மனைவி கையிலிருக்கும் போனில் வந்து விழக் கூடாது.

அடுத்த நிர்வாகக் கூட்டத்துக்கு எங்களில் ஒருவரை அழையுங்கள். பேச மாட்டார். மூலக்குறிப்பை எழுதிப் படித்துக் காட்டுவார், யாருக்குப் பொருந்தாது என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

இப்படிக்கு,
உங்கள் மடல்களுக்கு முதல் வரைவு போடுகிறவர்கள்